இரண்டாவது வாய்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாகப் போகும். முன்னுக்கு நடந்தது பின்னுக்கும், பின்னுக்கு நடந்தது முன்னுக்குமாக வரும். மறதியும் கூடிவிட்டது. போன மாதம் புத்தகம் போடுகிற பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "அம்மா, அவவைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க" என்று கைத்தொலைபேசியை என் வாய்க்கு முன்னால் நீட்டினார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு என்றைக்கும் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். என்னைவிட நன்றாக இளையவள், புளியந்தீவில் என் வீட்டு முன் அறையில் பல வருசம் குடியிருந்தவள், வாயில் அப்படித்தான் வருகிறது. பேரை எழுதவில்லை. வானொலியில் அவள் எத்தனையோ பேருடைய பேரைச் சொன்னாள், தன் பேரை மட்டும் சொன்னதில்லை. "மட்டக்களப்பிலிருந்து எமது செய்தியாளர்" என்று முடித்துவிடுவாள். இந்தப் பக்கத்தில் அந்த வேலைக்குப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான் என்கிறார்கள். அதையும் நான் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஏன் இரண்டு பேர் என்பது போகப்போகத் தெரியும்.

ஊர் வாவிக்கு அங்கால், படுவான்கரையில் கரடியனாற்றுப் பக்கம். தகப்பன் வயல் வட்டையில் வேளாண்மை செய்தவர். படிக்க என்று பட்டணத்துக்கு வந்தவள், படிப்பு முடிந்தும் போகாமல் கொழும்பு வானொலி ஒன்றுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டாள். ஒரு பையும், தோளில் தொங்கும் ஒலிப்பதிவுக் கருவியுமாக என் வீட்டுக்கு வந்தாள். நான் தனி ஆள். கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி பாலத்துக்கு அங்கால், கடற்கரையோரம் நாவலடியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். வீட்டில் ஒரு குரல் கேட்டால் நல்லதென்று அறையைக் கொடுத்தேன்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் முன் அறை யன்னலால் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் குந்தியிருக்கிறாள். தலையோடு போர்வையை மூடிக்கொண்டு உள்ளே என்னவோ முணுமுணுக்கிறாள். காய்ச்சல்காரி ஆவி பிடிக்கிறாள் என்று நினைத்து, ஓடிப்போய்க் கொத்தமல்லி அவித்துக் கொண்டு வந்தேன். போர்வை விலகியது. முகமெல்லாம் வேர்வை.

"என்னக்கா இது?"

"கொத்தமல்லித் தண்ணி. காச்சலுக்கு நல்லம்."

"காச்சல் இல்லக்கா, றேடியோவுக்குப் பேசுறன். வெளியில காகம் கத்துது, அந்தச் சத்தம் உள்ளுக்குப் போகாமத்தான் மூடிக்கிறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவள் கோப்பையை வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அவள் போர்வைக்குள் போனால் நான் கொத்தமல்லி அவிப்பது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் என் தங்கச்சிக்கு இது பெரிய பகிடி. வாசலில் நின்றே கூப்பிடுவாள். "அக்கோவ், உங்கட அடைக்கோழி இண்டைக்கு எத்தினை செய்தி பொரிச்சது?" போர்வைக்குள் இருந்து பதில் வரும், "ஒண்டு பொரிச்சது, ரெண்டு கூழ்முட்டை!" இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் நின்று சிரிப்பேன்.

கூழ்முட்டை என்று அவள் சொன்னது, அனுப்பாமல் விட்ட செய்தியை. அப்படி நிறைய விடுவாள். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். எனக்கு அது விளங்கியது என் பெரியப்பா மகனால். அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். அண்ணனுக்கு ஊர்க்கதை என்றால் உயிர். ஒருநாள் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க அவளிடம் வந்தார். அவளையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, எழுது! கல்லடிப் பாலத்தடியில குண்டு. கனபேர் போயித்தாங்களாம்."

"நீங்க கண்டீங்களா அண்ணன்?"

"கண்டிருந்தா நான் இஞ்ச நிப்பனா? சந்திக் கடையில சொன்னாங்க."

"கடையில ஆரு சொன்ன?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் எண்டா?"

"முதலாளி சொன்னார், மீன்காரன் சொன்னான், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த ஆக்கள் எல்லாம் சொன்னாங்க. இன்னும் எத்தினை பேர் வேணும் உனக்கு?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். லொறி ஒன்றின் டயர் வெடித்திருந்தது. சாரதி பலகையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்து அண்ணனுக்கு ஆறுதலாகச் சொன்னாள். "ஒரு வாய் சொன்னா அது கதை. ரெண்டு வாய் சொன்னாத்தான் செய்தி. ஆனா ஒரே கேத்தல்ல தேத்தண்ணி குடிச்ச வாய் எத்தினை எண்டாலும் அது ஒரு வாய்தான் அண்ணன்."

கேத்தல் என்றால் எங்களுக்குத் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரம். அண்ணன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாராவது கதை கொண்டு வந்தால், "எந்தக் கேத்தல்?" என்று கேட்பது ஒரு விளையாட்டாகவே போனது.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தன் காதையே நம்பமாட்டாள். கொழும்பு வானொலியில் இருக்கும் பெரியவர் ஒருதரம், மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதை ஒலிப்பதிவு செய்து அனுப்பு என்று கேட்டார். நிலவு நாளில் பொழுது பட்டதும் வள்ளத்தில் போனாள். நானும் தங்கச்சியும் போனோம். வள்ளக்காரர் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். கேட்டது. தந்தியைத் தொட்டுத் தொட்டு விட்டது போல ஒரு சத்தம், எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் பதிந்துகொண்டு வந்தாள். அனுப்பவில்லை. ஏன் என்று தங்கச்சி கேட்டாள்.

"சத்தம் கேட்டது மெய். அது மீன்தான் எண்டு ஆரு சொன்ன?"

"ஊரே சொல்லுது!"

"ஊர் சொல்லுது. மீன் சொல்லேல்லயே."

"அடியேய், மீனையும் கூட்டிக்கொண்டு வந்து உன்ட மைக்குக்கு முன்னால இருத்தோணுமாக்கும்" என்று தங்கச்சி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். தங்கச்சி அப்படித்தான், யாரோடும் ஒட்டிவிடுவாள். நாவலடியில் அவள் வளர்த்த ஆட்டுக்குக்கூடப் பேர் வைத்து, கையால் சோறு தீத்துவாள். அந்த ஒரு நாள் தவிர, என்னிடம் வந்தால் பொழுது பட முன்னம் ஓடிவிடுவாள், ஆடு தேடும் என்று.

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி வருகிற நாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தெருவில் ஓடுகிற சத்தம். வாசலுக்கு வந்தால், பாலத்துப் பக்கமிருந்து சனம் வருகிறது. நனைந்த உடுப்பு, வெறுங்கால். கடல் வந்துவிட்டது என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கடல் எப்படி வரும்? அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு சனத்துக்கு எதிராக ஓடினாள். நான் துருவிய கையோடு பின்னால் ஓடினேன். பாலத்தில் மறித்துவிட்டார்கள்.

"நாவலடி, நாவலடி" என்று நான் கேட்கிறேன். "அங்கால ஒண்டும் இல்லம்மா" என்று யாரோ சொல்லிக்கொண்டு போகிறார்.

தொலைபேசி வேலை செய்த ஒரு கடையில் நின்று அவள் கொழும்புக்குப் பேசினாள். நான் பக்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்துக் குரல் கத்தியது எனக்கும் கேட்டது. எத்தனை பேர், எத்தனை பேர், மற்ற எல்லாரும் கணக்குச் சொல்கிறார்கள் என்று.

"எண்ணேல்ல சேர். கண்டதைச் சொல்லுறன், போடுங்க" என்றாள். பிறகு அவளுடைய வானொலிக் குரலில், நிதானமாகச் சொன்னாள். "கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஒரு வீட்டுக் கதவு மிதந்து செல்கிறது. அதன் மீது ஒரு கோழி நிற்கிறது. மக்கள் நனைந்த உடையுடன் நடந்து வருகிறார்கள். ஒருவரும் அழவில்லை." சொல்லி முடித்துத் தொலைபேசியை வைத்த பிறகு என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நாவலடி ஆள் ஒருவர் வந்தார். தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வளவு. கையில் கட்டுப் போட்டிருந்தார். "உங்கட தங்கச்சி போயித்தா அம்மா. நான் கண்டன். ஆட்டை அவிழ்க்க எண்டு திரும்பிப் போனவ" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவருக்கும் வீட்டில் யாரும் மிச்சமில்லை.

அண்ணன் வந்துவிட்டார், சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். தங்கச்சி புருசன் வெளிநாட்டில். அவருக்கும் அறிவிக்க வேண்டும், வானொலியில் மரண அறிவித்தல் கொடுக்க வேண்டும், எட்டாம் நாள் சடங்கு செய்ய வேண்டும் என்று பேச்சு. அவள் வீட்டுக்குள் வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இண்டைக்கே அறிவித்தலைக் குடுத்திரு."

"உடம்பு கிடைச்சதா அண்ணன்?"

"இல்ல. கண்ட ஆள் வந்து சொல்லித்துப் போறார்."

"ஒரு வாய்தானே சொல்லியிருக்கு. கொஞ்சம் பொறுங்க, நான் தேடுறன்."

அண்ணனுக்கு வந்த கோபம்! "செத்த வீட்டிலயும் உன்ட ஒரு வாய் ரெண்டு வாய்க் கதையா? கடல் வந்து வாயத் திறந்து சொன்னாத்தான் நீ நம்புவயாக்கும்?"

அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் அவள் என் தங்கச்சியை உயிரோடு வைத்திருந்தாள். ஊரே கொன்றுவிட்டது, அவள் ஒருத்திதான் கொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய வெளிக்கிடுவாள். அகதிகள் இருந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவாள். கருவியை நீட்டி, "உங்கட பேரைச் சொல்லுங்க, எந்த ஊர், ஆரைத் தேடுறீங்க, நீங்களே சொல்லுங்க" என்பாள். அந்தக் குரல்கள் வானொலியில் போகும். நான் அடுப்படியில் வானொலிக்குக் கிட்டக் குந்தியிருந்து ஒவ்வொரு பேராகக் கேட்பேன். ஒருத்தி தன் பேரைச் சொல்லத் தொடங்கும்போது, முதல் எழுத்து வருமட்டும் என் நெஞ்சு நிற்கும். பிறகு அது வேறு யாருடையவோ தங்கச்சியாக இருக்கும்.

ஒருநாள் அவள் முன் வாசலால் வராமல் பின்பக்கத்தால் அடுப்படிக்கு வந்தாள். வந்து நிலத்தில் இருந்தாள். நான் கேத்தலை அடுப்பில் வைக்கப் போனேன்.

"தேத்தண்ணி வேணாம் அக்கா."

அவள் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதை அதற்கு முன்னம் நான் கேட்டதில்லை. நான் கேத்தலைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"தன்னாமுனையில ஒரு மனிசியக் கண்டன். அவவும் நாவலடிதான். அவ தென்னையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. உங்கட தங்கச்சிட கைய எட்டிப் பிடிச்சும் இருக்கிறா. மறுகா தண்ணி இழுத்துத்து." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "அண்டைக்கு வந்தாரே, அவரை இந்த மனிசி காணவே இல்லையாம். அவர் உயிரோட இருக்கிறதே நான் சொல்லித்தான் தெரியும். ஆனா அவவும் ஆட்டைச் சொன்னா அக்கா. ஆட்டை அவிழ்க்கத்தான் திரும்பினவ எண்டு சொன்னா."

ஆட்டைச் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேறு யாரும் திரும்பியிருக்கமாட்டார்கள். என் தங்கச்சி திரும்பியிருப்பாள்.

அந்த அறிவித்தலைக் கொழும்பில் இருப்பவர்கள்தான் வாசிப்பது வழக்கம். தானே வாசிப்பதாக அவள் கேட்டு வாங்கினாள். அதைப் பதிந்தது என் முன் அறையில், அதே போர்வைக்குள். சுவருக்கு இந்தப் பக்கம் நான். "புளியந்தீவைப் பிறப்பிடமாகவும் நாவலடியை வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று தொடங்குவாள். பேர் வரும் இடத்தில் நின்றுவிடும். திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவாள். திரும்பவும் நிற்கும். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. நான் எழும்பிப் போய்க் கொத்தமல்லி அவித்தேன்.

கடைசியில் முழுதாகச் சொன்னாள். "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." சின்ன வயதில் இருந்து வானொலியில் கேட்டுப் பழகிய சொல் அது. அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. அவள் குரலில் கேட்டதால் ஏற்றுக்கொண்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியது. படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. சுனாமிக்குச் சனம் இருந்த பள்ளிக்கூடங்களில் இப்போது இவர்கள். அவளுக்குத் தொலைபேசி வந்தபடி இருக்கும். இவர்களும் எடுப்பார்கள், அவர்களும் எடுப்பார்கள். நாங்கள் சொல்வதைப் போடு என்பார்கள். அவளிடம் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "சரி அண்ணன், இன்னொரு வாய் வரட்டும்."

ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இவங்க ரெண்டு பேரும் ஒரே கேத்தல்ல குடிக்கிற ஆக்கள் இல்லதானே அக்கா. ஆனா சில நேரம் ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுறாங்க. அப்ப நான் என்ன செய்யிற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின கிழமைதான் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, முன் அறைக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று என்னிடம் விசாரித்திருந்தார்கள். நான் தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

"புள்ள, கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போய்த்து இரியன்" என்றேன்.

"ஊர்ச்சனம் எல்லாம் இஞ்ச வந்திட்டு. நான் அங்க போய் ஆரோட இரிக்கிற?"

அந்த நாட்களில்தான் படுவான்கரைப் பெண் ஒருத்தி அவளைத் தேடி வந்தாள். வட்டைக்குள் ஒதுங்கியிருந்த இடத்தில் செல் குண்டு விழுந்து புருசனும் பக்கத்து வீட்டுக்காரரும் போய்விட்டார்கள், அதை வானொலியில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றாள். அவள் கேட்டுப் பதிந்துகொண்டாள். பிறகு வழக்கம் போல, "இன்னொருத்தர் கண்டவங்க இருக்கிறாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் எழும்பிவிட்டாள். "நான் அவர்ர தலைய மடியில வச்சிக்கொண்டு இருந்தனான். என்ட வாய் வாயில்லயா?"

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண் போன பிறகும் அவள் அதே இடத்தில் இருந்தாள். அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் தலையை வாரிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அந்த மனிசி சொன்னது மெய் அக்கா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லன் புள்ள."

"நான் சொன்னா, ஒருத்திட கதை எண்டு தள்ளிப்போடுவாங்க. ரெண்டு வாய் எண்டா தள்ளேலாது. அங்கால இன்னும் கொஞ்சச் சனம் இருக்காம். போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

"போகாத."

அவளிடம் நான் அப்படிச் சொன்னது அந்த ஒருதரம்தான். அவள் என் தோளைத் தட்டினாள். சின்னக் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "போய்த்து வாறன்" என்றாள். பாதை போகிற துறைக்கு நடந்தாள். பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற தட்டைப் படகு. அன்று காலை அவள் அதில் ஏறியதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அங்கால் கரையில் இறங்கியதையும் கண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் செய்தி. அதற்குப் பிறகு கதை.

வானொலியில் ஒரு நாள் அவளைக் காணவில்லை என்று சொன்னார்கள். பிறகு "மட்டக்களப்பிலிருந்து எமது செய்தியாளர்" என்று ஓர் ஆண்குரல் வரத் தொடங்கியது. நான் வானொலியைக் கொஞ்ச நாள் போடவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு, படுவான்கரையில் தோணி வைத்திருந்த வயதானவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அண்ணனும் அன்று வீட்டில் இருந்தார். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவர் ஒரு முடறு குடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த றேடியோப் புள்ள... வாவிக் கரையில, கண்ணாப் பத்தைக்குள்ள ஒரு பொம்புளப் பிள்ளையக் கண்டன் அம்மா. கிட்டப் போக விடேல்ல. தோளில கறுப்பு வார் கிடந்தது. அவதான் எண்டு நினைக்கிறன்."

"முகத்தைக் கண்டீங்களா?" என்று நான் கேட்டேன். எனக்கே அது என் குரல் போல இல்லை.

"முகத்தைக் காணேல்ல."

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். அவர் அவளோடு சண்டை பிடித்தாலும் அவள்மீது பாசம்தான். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். தோணிக்காரர் அடுத்த மாரியில் காலமாகிவிட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும், செத்த வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வன்னியில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன நாள், தெருவில் வெடி கொளுத்தினார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். இனி எல்லாரும் வெளியில் வருவார்கள், அடைத்து வைத்திருந்த இடங்களைத் திறப்பார்கள் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம் எனக்கு மட்டும் இல்லை, இந்த மாவட்டத்தில் எத்தனையோ தாய்மாருக்கு இருந்தது.

அவளுடைய தாயும் வந்தா. கரடியனாற்றில் இருந்து பஸ் ஏறி, ஒரு பையில் வெள்ளரிக்காயோடு வந்தா. அண்ணன் அவவுக்குப் பக்குவமாகச் சொன்னார். "அம்மா, இனியும் பாத்துக்கொண்டு இரிக்கேலாது. தோணிக்காரர் கண்டதைச் சொல்லித்துத்தான் போனார். ஒரு சடங்கைச் செஞ்சு விடுங்க. அந்தப் பிள்ளைட ஆத்துமா அலையப்படாது."

தாய் என் பக்கம் திரும்பினா. "நீங்க என்ன மகள் சொல்லுறீங்க? உங்களோடதானே இருந்தவள்."

நான் ஆட்களுக்கு நடுவில் வாய் திறக்காதவள். ஆனால் அன்று எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாய்தான் அம்மா சொல்லியிருக்கு" என்றேன். "அந்த வாயும் முகத்தைக் காணேல்ல."

தாய் தலையை ஆட்டினா. வெள்ளரிக்காயை எடுத்து என் கையில் தந்தா. சடங்கு செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் வருவா. வந்து முன் அறையைத் திறந்து, கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவா. கடைசியில் அப்படிப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினா. நான் சொன்ன ஒரு சொல்லால் அந்தத் தாய் அவ்வளவு காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தா. அது அவவுக்கு நன்மையா கெடுதலா என்று நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என் தங்கச்சி விசயத்தில் இரண்டாவது வாயைத் தேடிக் கொண்டுவந்து தர அவள் இருந்தாள். அவள் விசயத்தில் தேடித் தர யாரும் இல்லை.

இப்போது புத்தகம் போடுகிற பிள்ளைகளுக்கு வருகிறேன். நல்ல பிள்ளைகள். அவளுடைய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். தோளில் கறுப்பு வார், பாதிச் சிரிப்பு. படத்துக்குக் கீழே பிறந்த வருசம், ஒரு கோடு, இறந்த வருசம்.

நான் கோட்டுக்கு அங்கால் இருந்ததைக் காட்டி, "இது ஆரு சொன்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் சொல்லியிருக்கிறாங்க அம்மா. விசாரிச்சுத்தான் போட்டம்" என்றது ஒரு பிள்ளை. இத்தனை வருசத்துக்குப் பிறகு இரண்டாவது வாயா?

"ஒராள் படுவான்கரைத் தோணிக்காரர். அவர் இல்லை, அவர்ர மகனிட்டக் கேட்டம். மத்தது உங்கட அண்ணன். அவரும் தனக்கு நல்லாத் தெரியும், கறுப்பு வார் கிடந்தது எண்டு சொல்லுறார்."

அண்ணனில் எனக்குக் கோபம் இல்லை. வயது போய்விட்டது. இத்தனை வருசமாகச் சொல்லிச் சொல்லி, தானே கண்டது போல ஆகிவிட்டது அவருக்கு. ஆனால் அவருக்கு அந்தக் கறுப்பு வார் எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். என் அடுப்படியில் கிடைத்தது. தோணிக்காரரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, என் கேத்தலில் ஊற்றிய தேத்தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எழுதியதில் பிழைகள் இருக்கும். டயர் வெடித்தது சுனாமிக்கு எத்தனை வருசம் முன்னம், மோட்டார் சைக்கிள்காரர் வந்தது எந்த மாதம், இதெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தன்னாமுனையில் கண்ட அந்த மனிசி இருந்தால் அவவிடமும் கேளுங்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கு அங்கால் உள்ள வருசத்தை மட்டும், தயவுசெய்து, அச்சடிக்க முன்னம் இன்னொருதரம் விசாரியுங்கள். அன்று அங்கால் கரையில் இருந்தவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள். அண்ணனிடமும் என்னிடமும் கேட்க வேண்டாம். என் வீட்டுப் படியே மிதிக்காத ஒருவரிடம் கேளுங்கள்.

அப்படி ஒருவர் கிடைத்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். எப்படிப்பட்ட செய்தி என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதுவரைக்கும் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அவள் இருந்திருந்தால் அப்படித்தான் விட்டிருப்பாள்.